நாற்பது வீட்டுக்கு ஒரே உடம்பு

டேப்பக்கா என்பது ஊர் வைத்த பெயர். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, தோளில் எடை பார்க்கும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு அவள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒரு பெண் ஓடிவந்து இரண்டு சட்டைத் துணியை நீட்டினாள். "கை மட்டும் கொஞ்சம் லூஸா வச்சுத் தைங்க." நான் தையல்காரி இல்லை, சுகாதாரத் துறை அனுப்பிய ஆள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு மாதிரி நாள்பட்ட நோய்கள் யாருக்கு வர வாய்ப்பிருக்கிறது என்று கணக்கெடுக்க வந்திருக்கிறேன், இந்த நாடா இடுப்பைச் சுற்றிப் பார்க்கத்தான் என்று அவள் விளக்கினாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப காலர் வைக்க மாட்டீங்களா?"

வேலை இதுதான். நாற்பது வீடு. வீட்டுக்கு ஒரு ஆள். அந்த ஒரு ஆள் யார் என்பதை அவள் கையிலிருக்கும் டேப்லெட் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும்; சொன்ன பிறகு அப்பனே வந்து கெஞ்சினாலும் மாற்ற முடியாது. அந்த ஆளிடம் தனியாக உட்கார்ந்து அறுபது கேள்வி. பிறகு எடை, இடுப்பு, ரத்த அழுத்தம் மூன்று தடவை. ஆறு மாத ஒப்பந்தம். ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். மரத்தடியில் உட்கார்ந்து கள்ளக் கணக்கு எழுதியதாகத் தெரிந்தால் கறுப்புப் பட்டியல். அதன் பிறகு எந்தத் துறையிலும் எந்த வாசற்படியும் ஏற முடியாது. சொந்த ஊரில் அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வேறு, "கடைசியில ஊர் சுத்தறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?" என்று ஞாயிறு தவறாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் வாயை அடைப்பதற்காகவாவது நிரந்தரமாக வேண்டும் என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

முதல் வீடு டியூஷன் மாஸ்டருடையது. முன் அறையில் பெஞ்சும் கரும்பலகையும். பின் அறையில் குடும்பம். டேப்லெட் அந்த வீட்டிலிருந்து பொறுக்கியது மாஸ்டரை அல்ல, அவருடைய மாமியாரை.

"எனக்கு என்னம்மா தெரியும்? மாப்ளையக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

"நீங்க தட்டுல எவ்வளவு உப்புப் போட்டுக்கறீங்கன்னு அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லையே" என்றார் மாமியார். குரலில் பெருமை இருந்ததா, சலிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

கடைசியில் அவரே பதில் சொன்னார், உள்ளது உள்ளபடி. பழம் வாரத்தில் ஒரு நாள், அதுவும் யாராவது பார்க்க வரும்போது வாங்கி வந்தால். உப்பு தட்டோரத்தில் தனியாக. நடை என்று பார்த்தால் டிவியிலிருந்து வாசல் வரை, மறுபடி வாசலிலிருந்து டிவி வரை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. டேப்பக்கா கிளம்பியதும் மாமியார் சமையலறையில் போய் உட்கார்ந்து, "இத்தனை கேள்வி கேட்டா. ஒண்ணுக்குக்கூட ஒழுங்கா பதில் சொல்லத் தெரியல மாப்ள. மானமே போச்சு" என்று அழுததோ, மாப்பிள்ளையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததோ டேப்பக்காவுக்குத் தெரியாது.

இரண்டாம் நாளிலிருந்து அவளுக்குச் சுக்கிர திசை அடித்தது.

மளிகைக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க அண்ணே."

"இல்ல மேடம். நின்னாத்தான் வரும்."

வந்தது. புகை? இல்லை. முன்பு எப்போதாவது? ஒரு தடவைகூட இல்லை. மது? நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் இல்லை. பழம், காய்கறி? வாரத்தில் ஏழு நாளும், நாளொன்றுக்கு ஐந்து பங்கு. அவருடைய சட்டைப்பையில் சிகரெட் பெட்டி அளவுக்கு, சிகரெட் பெட்டி மாதிரியே, சதுரமாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. டேப்பக்கா அதைப் பார்த்தாள். விதிப் புத்தகம் ஏழாம் பக்கம்: சொன்னதை எழுத வேண்டும், வியப்போ சிரிப்போ சந்தேகமோ முகத்தில் காட்டக் கூடாது. அவள் காட்டவில்லை. பிறகு இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டபோது அது ஒரு சுற்று வருவதற்கு மூச்சு வாங்கியது. அதையும் எழுதினாள்.

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எல்லாம் அப்படியே. யாரும் யோசிக்கவில்லை. யாரும் "அதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கவில்லை. கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் வந்து வாசலில் நின்றது. லாரி ஓட்டுபவர் தினமும் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்தார். செங்கல் சூளைக்காரர் எண்ணெயில் பொரித்ததைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட ஊர்! பூமியில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறதே என்று டேப்பக்கா மனம் குளிர்ந்து போனாள். பத்து நாள் வேலை நாலே நாளில் முடிந்தது. அன்று மாலை தான் தங்கியிருந்த துணை சுகாதார நிலையத்தின் பின் அறையில், எடை இயந்திரத்துக்கு நன்றி சொல்லி அதன்மேல் ஏறி நின்று ஒரு சுற்று ஆடிக்கூடப் பார்த்தாள்.

அப்போதுதான் சூப்பர்வைசர் போன் செய்தார். பதினாலு வருடமாகக் கணக்கெடுப்புகளை மேய்ப்பவர். குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது.

"ஏம்மா, உன் ஊர்ல யாரும் சாகறதே இல்லையா?"

"சார்?"

"முப்பத்தொம்பது வீடு. முப்பத்தொம்பதும் ஒரே பதில். யாரும் குடிக்கல, யாரும் புகைக்கல, எல்லாரும் அஞ்சு பங்கு. ஆனா இடுப்பு மட்டும் ஒவ்வொண்ணும் டிரம் மாதிரி. பொய் எழுதறவங்க இடுப்பையும் கொஞ்சம் குறைச்சு எழுதுவாங்கம்மா. உனக்கு அந்த அக்கறைகூட இல்ல."

"சார், இடுப்பு நான் அளந்தது சார். சத்தியமா!"

"முதல் வீடு மட்டும் வேற மாதிரி இருக்கு. அதனால என்ன தெரியுது? முதல் வீட்டுக்குப் போயிருக்கே. அங்க ஒரு மரம் பார்த்திருக்கே. அதுக்கப்புறம் எங்கயும் போகல." ஒரு பக்கம் புரளும் சத்தம். "நாளைக்குக் காலையில வர்றேன். மறு சரிபார்ப்பு. நாலு வீடு பார்ப்பேன். ஒத்து வரலைன்னா நீ என்கூடவே பஸ் ஏறிடலாம்."

அவள் சோப்பு வாங்கும் சாக்கில் கடைக்குப் போய், நாளைக்கு ஒரு பெரிய சார் வந்து மறுபடி கேட்பார் என்று மளிகைக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தாள். அவர் முகம் வெளுத்தது. சோப்பைக் கொடுக்காமலே கடையைச் சாத்திவிட்டு ஓடினார்.

முதல் வீடு மட்டும் ஏன் வேறு மாதிரி? கேட்டால் அங்கேதான் கேட்க வேண்டும். இருட்டுவதற்குள் மாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள். முன் அறைக் கதவைத் தள்ளினாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சுகளில், முழங்கால் முகவாயைத் தொட, ஊர்ப் பெரியவர்கள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளைக்காரர் ஒரு பெஞ்சின் கடைசியில் பாதி காற்றில் இருந்தார். கரும்பலகை அருகே மாஸ்டர், கையில் பிரம்பு.

"அஞ்சாம் வினா!"

"அஞ்சு பங்கு!" என்று கூரை அதிர்ந்தது.

"ஆறு! உப்பு!"

"மேசையில வைக்கறதே இல்ல! சமைக்கும்போது ஒரு சிட்டிகை!"

"லாரி, உதட்டை மட்டும் அசைக்காதீங்க. எனக்குக் கேக்கணும்."

அப்புறம்தான் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். லாரி ஓட்டுபவர் கையிலிருந்த தாளை விழுங்கிவிடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. டேப்பக்கா அதை வாங்கிப் பார்த்தாள். நகல் எடுத்த தாள். மேலே கொட்டை எழுத்தில், 'உடல்நலத் தேர்வு: முக்கிய வினா விடைகள் அறுபது.'

"யார் பண்ணது இது?"

"அவர்தான்" என்றார் மாமியார், பின் அறையிலிருந்து. அவர் மட்டும் பெஞ்சில் இல்லை. "நான் அழுதுகிட்டே கேள்வி பூரா வரிசையா சொன்னேனா, இவர் பேனாவும் கையுமா எழுதிக்கிட்டே இருக்கார். கண்ணைத் துடைங்க அத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லல. இருபத்தி மூணுக்கு அப்புறம் என்னன்னு கேக்கறார்."

மாஸ்டர் பிரம்பைக் கீழே வைத்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. கேள்வி வருது. எழுதிக்கறாங்க. மேலிடத்துக்குப் போகுது. அப்ப அது தேர்வுதானே? எங்க ஊர் ஆளுங்க அறுபதுக்கு இருபது வாங்கி நிக்கணுமா? நான் ஒருத்தன் இங்க டியூஷன் நடத்திக்கிட்டு அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"இது தேர்வு இல்ல மாஸ்டர்! நீங்க எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை, டாக்டர், கேம்ப் எல்லாம் வரும். எல்லாரும் நூத்துக்கு நூறுன்னா இந்த ஊருக்கு ஒண்ணும் தேவையில்லன்னு அர்த்தம்."

பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு. முதல் மார்க் வாங்கினால் பரிசு போய்விடும் என்பது அவர்கள் இதுவரை எந்தப் பள்ளியிலும் கேள்விப்படாத விதி.

"சரி மேடம், நாளைக்கு எல்லாரும் உண்மையைச் சொல்லிடறாங்க."

"சொன்னா, முதல்ல அனுப்பினது நான் எழுதின பொய்னு ஆகும்."

"அப்ப அதே பதிலையே சொல்லட்டும்."

"சொன்னா, நான் சொல்லிக் குடுத்ததுன்னு ஆகும்."

"இந்தத் தாளைக் காட்டிட்டா?"

"நானே அச்சடிச்சுக் குடுத்தேன்னு சொல்லுவார்."

மாஸ்டர் முதல் முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் செங்கல் சூளைக்காரர் மறு முனையில் எழும்பினார். "மேடம், உங்க வேலை போகக் கூடாது. ஆனா இது வெளிய தெரிஞ்சா வினாத்தாள் கசிவுன்னு என் மேல கேஸ் போட்டு பெஞ்சு வரைக்கும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதனால ஒண்ணே ஒண்ணு. அதே பதில். சொதப்பாம. ஒண்ணுலேர்ந்து அறுபது வரைக்கும் வரிசையா வரட்டும், எங்க ஆளுங்கள யாரும் அசைக்க முடியாது."

டேப்பக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மறு சரிபார்ப்புப் படிவத்தில் பன்னிரண்டே கேள்விதான் இருக்கும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, நடுவிலிருந்து ஆரம்பிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாப் படிங்க" என்றாள்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து இறங்கினார். முதலில் மளிகைக்கடைக்காரர். கடையின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி. கேள்வி கேட்கும்போது வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது என்பதால் மனைவி பக்கத்து அறைக்கு அனுப்பப்பட்டார். டேப்பக்கா மூலையில் நின்றாள். அவள் மூச்சு விடலாம், பேசக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ஊர் எதுவும் அறியாததுபோல் திரளாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைக்காரர் எழுந்து நின்றார். கையைக் கட்டினார். கண்ணை மூடினார்.

"பன்னெண்டே கேள்விதான். வாரத்துல எத்தனை நாள் நடப்பீங்க?" என்று ஆரம்பித்தார் சூப்பர்வைசர்.

"இல்லவே இல்ல. எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது."

சூப்பர்வைசரின் விரல் திரைமேல் நின்றது. "பழம் சாப்பிடுவீங்களா?"

"முன்னாடியும் ஒரு தடவைகூட இல்ல சார். விளையாட்டுக்குக்கூட."

"காய்கறி?"

"நண்பர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் தொட மாட்டேன்."

ஏழாம் பக்கத்தை எழுதிய குழுவில் சூப்பர்வைசரும் ஒருவர். அவர் முகம் அசையவில்லை. இடது புருவம் மட்டும் கொஞ்சம் அனுமதி கேட்டது. "புகை பிடிக்கறீங்களா?"

"வாரத்துல ஏழு நாளும்!"

பக்கத்து அறையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"அஞ்சு பங்கு சார். ரெண்டு காலையில, மூணு சாயங்காலம். நல்லாக் கழுவிட்டுத்தான்."

"கழுவிட்டு?"

"தோலோட இருந்தா இன்னும் சத்து."

"மது?"

"மேசையில வைக்கறதே இல்ல. சமைக்கும்போது மட்டும் ஒரு சிட்டிகை."

"யார் வீட்டுல?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்துவிட்டார். "சமைக்கறது நான். எந்த வீட்டுல, எவ சமைக்கும்போது? சார், கேளுங்க சார், இவரு எந்த வீட்டைப் பத்திச் சொல்றாரு?"

கடைக்காரர் கண்ணைத் திறந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் சுற்றிப் பார்த்தார். "ஏழாவது சொல்லவா சார்?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மாஸ்டரின் முகம் முளைத்தது. பாவம், அவர் அடக்கிப் பார்த்தார் என்பது நரம்புகளில் தெரிந்தது. ஆனால் பன்னிரண்டு வருட டியூஷன் ரத்தம்.

"சார், இது அநியாயம் சார்! வரிசை மாத்திக் கேக்கறீங்க! ஏழாவதா வர வேண்டியது முதல்ல வருது. மாணவர்கள் மனசு ஒடிஞ்சு போயிடும்!"

"எந்த மாணவர்கள்?"

மாஸ்டர் கையை அசைத்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுதும் திரும்பிக் கை தூக்கியது.

"ரெண்டு நாள்ல அறுபது மனப்பாடம் பண்ணியிருக்கோம் சார்!" என்றார் லாரி ஓட்டுபவர், கண் கலங்கி. "பன்னெண்டு மட்டும் கேட்டா மிச்சம் நாப்பத்தெட்டுக்கு யார் பதில் சொல்றது?"

"கருணை மதிப்பெண் வேண்டும்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கோஷம் பற்றிக்கொண்டது. செங்கல் சூளைக்காரர் தாளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆட்டினார். சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதை வாங்கினார். இரண்டு பக்கமும் படித்தார். பிறகு டேப்பக்காவைக் காட்டி மாஸ்டரிடம் கேட்டார்.

"இவங்க எழுதிக் குடுத்ததா இது?"

அதுதான் கேள்வி. மாஸ்டரோ கேஸ், பெஞ்சு எல்லாவற்றையும் மறந்து கொதித்துப் போனார்.

"அவங்களா? அவங்களுக்குக் கேக்கத்தான் சார் தெரியும்! விடை பூரா என் சொந்தத் தயாரிப்பு. முப்பத்தொண்ணாவது பாருங்க, எப்படி எழுதியிருக்கேன்! எங்க அத்தை சொன்ன கேள்விய வச்சு, நானே உட்கார்ந்து, ஒரு எழுத்து பிசகாம. கீழ கையெழுத்துகூடப் போட்டிருக்கேன் சார்!"

போட்டிருந்தார். நகல் எடுத்த அத்தனை தாளிலும்.

சூப்பர்வைசர் தாளை நாலாக மடித்தார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். டேப்பக்கா மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் இரண்டும் தனித்தனியாகக் குலுங்கின. அப்படியே ஐந்து நிமிடம். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஏழாம் பக்கத்தின்படி திரும்பி வந்தார்.

டேப்லெட்டில், கணக்கெடுப்பு செல்லாமல் போனதற்குக் காரணம் கேட்கும் பெட்டி இருந்தது. வீடு பூட்டியிருந்தது. ஆள் வெளியூர். மறுத்துவிட்டார். நாய். பட்டியல் முழுவதையும் மேலும் கீழுமாக இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, 'மற்றவை' என்பதைத் தொட்டு அவர் ஒரு வரி தட்டினார். டேப்பக்கா எட்டிப் பார்த்தாள். 'ஊர் படித்துவிட்டது.'

"கறுப்புப் பட்டியல்ல ஒரு பேரை ஏத்தணும்னா தப்பு எழுதியிருக்கணும்" என்றார், ஏற்ற இறக்கமில்லாமல். "நீ அவங்க சொன்னதை எழுதியிருக்கே. இடுப்பையும் உள்ளபடி எழுதியிருக்கே. முதல் வீடு செல்லும். மிச்சம் முப்பத்தொம்பதும் மறுபடி, நீயேதான். முடிச்சிட்டு வா. நிரந்தரத்துக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

"என் கேஸ் சார்?" என்றார் மாஸ்டர்.

"அந்த முப்பத்தொண்ணாவது விடை," என்றார் சூப்பர்வைசர், "கொஞ்சம் நீளம்."

முதல் வீடு மட்டும் செல்லும் என்ற செய்தி தெருவைக் கடப்பதற்குள் மாமியார் காதுக்குப் போய்விட்டது. அவர் வாசலில் நின்று, இடுப்பில் கைவைத்து, போகிற வருகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஊருக்கே நான் ஒருத்திதான் பாஸ். மாப்ள, சாயங்காலம் பெஞ்சுல வந்து உட்காருங்க. உங்களுக்கும் சொல்லித் தர்றேன்."

அடுத்த நாள் காலை டேப்பக்கா மறுபடி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கடைக்காரர் இந்த முறை உட்கார்ந்திருந்தார். படிக்காமல் வந்த பையன் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு.

"புகை பிடிக்கறீங்களா அண்ணே?"

அவர் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். குனிந்து, "பதினெட்டு" என்றார்.

"வயசா?"

"ஒரு நாளைக்கு."

டேப்லெட் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்தது. இந்த ஊரில் இதுவரை ஒரு தடவைகூடத் திறக்காத பக்கம். எப்போது ஆரம்பித்தீர்கள், விட முயன்றீர்களா, எழுந்தவுடனா. டேப்பக்காவுக்குக் கை பரபரத்தது. கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"எத்தனைன்னு சொன்னாரு? எனக்கும் சொல்லுங்க மேடம்!" மனைவியின் குரல்.

"சொல்லக் கூடாதுக்கா. ரகசியம். யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம்."

"பொண்டாட்டி கேட்டாக்கூடவா?"

"மந்திரி கேட்டாக்கூட."

கடைக்காரரின் முகம் மெல்ல மலர்ந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் போகாத விஷயம் ஒன்று அவருக்கு முதல் முறையாகக் கிடைத்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இனிப்பு பத்தி எப்பக் கேப்பீங்க?"

"அது நாப்பதாவது அண்ணே."

"இப்பவே கேளுங்க. கடையில ரெண்டாவது தட்டுல ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கு..."

டேப்பக்கா முகத்தில் எதையும் காட்டாமல் எழுத ஆரம்பித்தாள்.